வாளியை ஆழ விடாதே

அம்மம்மா கண்மூடிய அன்று பின்னேரம், மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று ஒவ்வொரு உறவாக இறங்கி வரவேண்டும். நான் "திருகோணமலை, உப்புவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று எழுதி வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் டொரன்டோவில் இருந்து சின்ன மாமா எடுத்தார். "பிள்ளை, அம்மா இஞ்ச ஒண்டரை வருஷம் இருந்தவ. கனடாவையும் போடு." அவர் வைக்க, லண்டன் சின்னம்மா. அதற்குப் பிறகு ஜேர்மனியில் இருந்து பெரிய மாமா: "ஹம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அம்மா வந்து நிண்டவ. அதை எப்பிடி விடுறது?" பக்கத்தில் இருந்த என் அம்மா, அழுது சிவந்த கண்ணோடு, "அப்பிடியெண்டா நானுஓயாவையும் போடு, நான் அங்கதான் பிறந்தனான். தலைமன்னாரையும் போடு" என்றார். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். உப்புவெளி, தம்பலகாமம், மாகோ, பொல்காவலை, நானுஓயா, தலைமன்னார், மண்டபம், கொழும்பு, லண்டன், ஹம், டொரன்டோ. பதினொரு ஊர்.

கடைசியில் பத்திரிகைக்குப் போனது நான் முதலில் எழுதிய வரிதான். எங்கே எவ்வளவு காலம் இருந்தாலும் "நான் உப்புவெளி" என்றுதான் அம்மம்மா சொல்லுவார் என்று அம்மா எடுத்துச் சொன்னதும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இறப்புப் பதிவுக்கு விவரம் கொடுத்தபோது தொழில் என்ற இடத்தில் "வீட்டுவேலை" என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். 1931-இல் பிறந்து 93 வயது வரை வாழ்ந்தவர் ஒருநாளும் சம்பளத்துக்கு வேலைக்குப் போனதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை எறிய எனக்கு மனம் வரவில்லை. அதில் இருக்கிற ஒவ்வொரு ஊரைப் பற்றியும் அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் முதலில் சொல்லுவது எப்போதும் ஒன்றைத்தான். அந்த ஊரின் தண்ணீரை.

சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. நான் மலையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் கேட்பேன். அவர் கிணற்றைப் பற்றிச் சொல்லுவார். புது ஊரில் றங்குப்பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் செய்கிற முதல் காரியம் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பது. சோறு எப்படி வேகும், தேத்தண்ணி எப்படி நிறம் பிடிக்கும், பிள்ளைக்கு வயிறு தாங்குமா, உடுப்பில் சவர்க்காரம் நுரைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும் என்பார். ஒரு குடும்பத்தை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிற பெண்ணுக்கு முதலில் தெரியவேண்டியதும் அதுதானே.

அவருடைய முதல் பயணம் 1942 சித்திரையில். அப்போது பதினொரு வயது. கொழும்பில் குண்டு விழுந்து நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், ஜப்பான் விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேலேயே வந்து விழுந்தது. அந்தத் தாங்கி பல நாள் எரிந்ததாம். கரும்புகையைப் பார்த்தபடி மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்கு ஓடினார்கள். குண்டைப் பற்றி அம்மம்மா இரண்டு வசனம் பேசுவார். பிறகு வாய்க்கால் தண்ணீருக்கு வந்துவிடுவார். கந்தளாய்க் குளத்தில் இருந்து வயலுக்கு வருகிற தண்ணீர், சேறாக இருக்கும். அவருடைய தாயார் மண்பானையின் உட்பக்கத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, அதில் தண்ணீரை ஊற்றி வைப்பாராம். விடிய எழும்பிப் பார்த்தால் சேறு அடியில் போய் மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். "அந்த வயசில எனக்கு அதுதான் அதிசயம். வெடிச்சத்தம் மறந்துபோச்சு" என்று சொல்லுவார்.

1950-இல் கலியாணம். அதே வருஷம்தான், கோட்டைப் பக்கம் கிணறு வெட்டப்போன இடத்தில் போர்த்துக்கேயர் காலத்தில் புதைத்து வைத்த கோணேசர் கோயில் விக்கிரகங்கள் வெளிப்பட்டன. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. புதுத்தாலியோடு அம்மம்மாவும் போனார். "கிணறு வெட்டப் பூதம் வந்த கதை எல்லாரும் சொல்லுவினம். எங்கட ஊரில கிணறு வெட்டக் கடவுள் வந்தவர்." இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவர் முகம் அப்படி மலரும். 1963-இல் எங்கள் ஊர்ச் சுவாமிமலையில் கோயிலைத் திரும்பக் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தபோது தலைமன்னாரில் இருந்து மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோச்சியில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மப்பா ஸ்டேஷன் மாஸ்டர். இலங்கை அரச ரெயில்வேயில் வேலை என்றால் மாற்றம் வந்துகொண்டே இருக்கும். குவாட்டர்ஸ் தருவார்கள், குடும்பத்துக்குப் பயண வாரண்ட் தருவார்கள். ரெயில்வேக்காரரின் மனைவி நாட்டைச் சுற்றிப் பார்த்ததற்கு அந்த வாரண்ட் முக்கியமான காரணம். மாகோ, பொல்காவலை இரண்டும் சந்தி ஸ்டேஷன்கள். இரவு பகல் என்றில்லாமல் வண்டிகள் வந்து போகும். மாகோவைப் பற்றி அம்மம்மா சொன்னது, "தண்ணி கொஞ்சம் கடினம், சனம் நல்லம்" என்பதுதான். சிங்களம் அங்கேதான் படித்தார். பக்கத்துக் குவாட்டர்ஸ் அம்மாவிடம் மரவள்ளிக்கிழங்குக்குப் பதிலாகச் சொற்களை வாங்கினேன் என்பார். சாகும்வரை அவருக்கு நல்ல சிங்களம் வரும்.

நானுஓயா வேறு உலகம். கடல்மட்டத்தில் இருந்து 1600 மீற்றருக்கு மேலே. கடற்கரையில் பிறந்த பெண்ணுக்கு இரண்டு கம்பளி போர்த்தும் குளிர் போகவில்லை. ஆனால் அவரைக் குழப்பியது குளிர் இல்லை, பருப்பு. காலையில் அடுப்பில் வைத்தால் மத்தியானம் வரைக்கும் கல்லுக்கல்லாக நிற்கும். தண்ணீர் கொதிக்கிறது, குமிழி வருகிறது, பருப்பு மட்டும் அவியவில்லை. அம்மப்பாவுக்குப் புது மனைவியின் சமையலில் ஏதோ பிழை என்று எண்ணம். அம்மம்மா கொதிக்கிற தண்ணீருக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோய், "இந்தக் கொதிக்குச் சூடு காணாது" என்று கண்டுபிடித்தாராம். உண்மை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். உயரமும் கொதிநிலையும் பற்றிச் சொல்லவரும்போது என் மாணவர்களுக்கு அம்மம்மாவின் பருப்பைத்தான் சொல்லுவேன். அவர் கண்ட வழி, பருப்பை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, துளி அப்பச்சோடா சேர்த்து, மூடிமேல் அம்மிக்குழவியை ஏற்றி அவிப்பது. பிரஷர் குக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து.

1958 இனக்கலவரத்தின்போது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அந்த வருஷத்தைப் பற்றி அம்மம்மா ஒருநாளும் பேசியதில்லை. நானும் தோண்டிக் கேட்கவில்லை.

தலைமன்னாருக்கு 1961-இல் வந்தார்கள். என்னைக் கேட்டால் அம்மம்மாவை அம்மம்மாவாக்கிய ஊர் அதுதான். மூன்று பக்கமும் கடல், மணல், காற்று, கழுதைகள். பகல் முழுக்க வெயில் வெள்ளையாக எரியும். இறங்குதுறை வரைக்கும் தண்டவாளம் போகும். அங்கே கோச்சி வந்து நிற்க, இந்தியாவுக்குப் போகிற கப்பல் காத்திருக்கும். இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களின் பெயரையும் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் மாதிரி அம்மம்மா சொல்லுவார். "கோஷன் வந்திட்டுது" என்றால் அம்மப்பா சாப்பாட்டுக்கு வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று அர்த்தம்.

ஊரில் குடிக்கக்கூடிய தண்ணீர்தான் பெரிய பாடு. குவாட்டர்ஸ் கிணற்றில் வாய் வைத்ததும் கரித்தது. முதல் வாரம் முழுக்கச் சோறு உப்புச் சோறு. அப்போது அங்கே மீன்பிடிக் குடும்பத்து அம்மா ஒருவர், கரைக்கு மிகக் கிட்ட மணலில் இடுப்பளவு தோண்டிய ஒரு கிணற்றில் இருந்து தண்ணீர் எடுத்துப்போவதை அம்மம்மா கண்டார். கடலுக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறதே, அது உப்பாக அல்லவா இருக்கவேண்டும் என்று கேட்டதற்கு, அந்த அம்மா ஒரு சிரட்டையால் மொண்டு கொடுத்தாராம். இளநீர் மாதிரி இருந்தது. பிறகு அதே கிணற்றுக்குள் வாளியை ஆழ அமிழ்த்தி எடுத்துக் கொடுத்தார். உப்பு. "மேல் தண்ணி மழைத்தண்ணி. அடித் தண்ணி கடல்தண்ணி. ரெண்டும் சண்டை பிடிக்காமல் ஒண்டுக்கு மேல ஒண்டு இருக்கும். நீ ஆழ விட்டியோ, அவசரமா அள்ளினியோ, கீழ இருக்கிறவள் எழும்பிவிடுவாள்."

விடியற்காலை, இரவெல்லாம் கிணறு அசையாமல் ஓய்ந்து கிடந்த பிறகு, கயிற்றைக் கட்டையாகப் பிடித்து, வாளியை மேல்வாக்கில் சரித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். ஒரு குடம் நிறைந்தால் கிணற்றை விட்டுவிடவேண்டும். அடுத்த குடம் பின்னேரம்தான். நாலு வருஷம் அம்மம்மா அப்படித்தான் தண்ணீர் எடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் இதையே நான் பாடமாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல தண்ணீர் கடல்நீரைவிட இலேசானது. அதனால் கரையோர மணலில் மழைநீர் ஒரு வில்லை மாதிரி உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடியை இறைத்துத் தள்ளினால் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். விரிவுரை மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபடி, தலைமன்னாரில் பெயர் தெரியாத ஒரு அம்மாவின் சிரட்டையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைமன்னாரில் இருந்து அக்கரைக்கு மூன்று முறை போனார். இரண்டு மணித்தியாலம் போல் கப்பல், இறங்கினால் தனுஷ்கோடி, அங்கிருந்து ரெயிலில் இராமேஸ்வரம். கோயிலுக்குள் இருக்கிற 22 தீர்த்தத்திலும் முழுகினார். அந்த 22-உம் பெரும்பாலும் கிணறுகள்தான். கடலுக்குப் பக்கத்திலே கல்லுக் கட்டி எழுப்பின கோயிலுக்குள் அத்தனை கிணறு. "ஒண்டு மாதிரி ஒண்டு இல்லை, பிள்ளை" என்பார். பாவம் தொலைக்கப் போன இடத்தில் அவர் ஒவ்வொரு வாளித் தண்ணீரிலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். மதுரைக்கும் போனார். அங்கே வாங்கின பித்தளைச் செம்பு இன்றும் எங்கள் சாமியறையில் இருக்கிறது.

1964 மார்கழியில், சின்னம்மாவைப் பெற உப்புவெளிக்கு வந்திருந்தார். குழந்தைக்குப் பதினொரு நாள். டிசம்பர் 22 சூறாவளி அடித்தது. ஓடெல்லாம் காகிதம் மாதிரிப் பறக்க, கட்டிலுக்குக் கீழே குழந்தையை அணைத்துக்கொண்டு கிடந்தார். தென்னைகள் முறிகிற சத்தம் துவக்குச் சூடு மாதிரி இருந்ததாம். அதே காற்று தீவைக் குறுக்கே கடந்து, மன்னார்ப் பக்கத்தை அடித்து, அன்றிரவு தனுஷ்கோடியைக் கடலோடு சேர்த்தது. ஓடிக்கொண்டிருந்த ரெயிலையே அலை எடுத்துப்போனது. அம்மப்பா தலைமன்னாரில். உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கிழமைக்குச் சேதி இல்லை. பிறகு ஒருநாள் தாடியும் அழுக்குச் சேர்ட்டுமாகப் படலையில் வந்து நின்றார். "அவரைக் கண்டதும் அழுகை வரேல்லை. 'தலைமன்னார்க் கிணறு எப்பிடி?' எண்டுதான் கேட்டனான்" என்று அம்மம்மா சொல்லுவார். அப்படி ஏன் கேட்டேன் என்று தனக்கே தெரியாது என்றும் சொல்லுவார்.

தனுஷ்கோடிக்குப் பிறகு கப்பல் நேரே இராமேஸ்வரத்துக்கு ஓடியது. ஆனால் அம்மம்மா போகவில்லை. சிங்களத்தில் எழுதித் தேறவேண்டும் என்ற நெருக்கடியில் அம்மப்பா முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். இருபது வருஷம் உப்புவெளியில் ஒரே வளவு, ஒரே கிணறு. பிள்ளைகள் படித்தார்கள், கலியாணம் செய்தார்கள், 1983-க்குப் பிறகு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அம்மப்பாவும் போய்ச் சேர்ந்தார். நாங்கள் மட்டும் அம்மம்மாவோடு மிஞ்சினோம்.

1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியது. எனக்குப் பத்து வயது. உழவு இயந்திரத்திலும் நடையாகவும் காட்டு வழியே மன்னார்க் கரைக்குப் போய், இரவில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறினோம். இருபது பேருக்கு மேல் இருக்கும். நிலவு இல்லை. அம்மாவின் மடியில் தம்பி. அம்மம்மாவின் மடியில் நான். அலை தூக்கித் தூக்கிப் போட எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மம்மா என் காதுக்குள் சொன்னார்: "பயப்பிடாதை ராசாத்தி. இந்தக் கடலை எனக்குத் தெரியும்."

விடிய மணல்திட்டொன்றில் இறக்கிவிட்டார்கள். 26 வருஷத்துக்கு முன் டிக்கெட் வாங்கி, றங்குப்பெட்டிக்குக் கூலி பிடித்து, பட்டுச்சேலையோடு இறங்கிய பக்கம்தான். இப்போது கையில் ஒரு துணிப்பை. அதற்குள் உடுப்போடு ஒரு போத்தல், உப்புவெளிக் கிணற்றுத் தண்ணீர். வழியெல்லாம் எங்களுக்குத் தாகம் எடுத்தபோது அதைத்தான் மூடிமூடியாகத் தந்திருந்தார். அடியில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. மண்டபம் முகாமுக்குப் பாம்பன் பாலத்தின்மேல் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். முன்பு அவர் வந்தபோது அங்கே ரெயில் பாலம் மட்டும்தான், ரோட்டுப் பாலம் திறந்தது 1988-இல். கண்ணைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "இது புதுசு" என்றார். முகாமில் அடுப்பு மூட்டிய முதல் நாள், குழாயடியில் வரிசையில் நின்று எடுத்த தண்ணீருக்குள் அந்த ஒரு விரற்கடையையும் ஊற்றிச் சோறு போட்டார். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் இது அவருக்கு வழக்கமாயிற்று. ஏன் என்று கேட்டால், "சோறு அறிஞ்சுகொள்ளட்டும்" என்பார்.

முகாம் வாழ்க்கையை இங்கே விரிக்கப்போவதில்லை. 1992-இல் கப்பலில் திருகோணமலைக்கே திரும்பி வந்தோம். கிணற்றைத் தூர் எடுக்க மூன்று நாள் பிடித்தது.

வெளிநாட்டுப் பயணங்கள் அறுபது தாண்டிய பிறகு. விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்கில் காத்திருந்து, 1997-இல் லண்டன். அங்கே தேத்தண்ணியின்மேல் ஆடை மாதிரி ஒன்று படர்ந்ததைக் கண்டு கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்து, "சுண்ணாம்பு" என்றாராம். அங்கத்தைத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருவது. சின்னம்மாவுக்குப் பத்து வருஷமாக விளங்காத விஷயம். 2002-இல் பெரிய மாமாவிடம் போய் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகத்தைக் கண்டார். கோபுரத்தைவிட அவருக்குப் பிடித்தது, அங்கே தீர்த்தமாடுவது சரக்குப் படகு ஓடுகிற கால்வாயில் என்ற செய்தி. "அம்பாள் எந்தத் தண்ணியையும் ஏற்றுக்கொள்ளுவா. நாங்கள்தான் குறை பிடிக்கிறம்" என்று அங்கிருந்து எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

கனடாவுக்கு 2008-இல், 77 வயதில். வழியில் ஒரு விமான நிலையத்தில் கைப்பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எறியச் சொன்னார்கள். உள்ளே கொண்டுபோகக்கூடாது என்பது புதிதாக வந்த விதி, அவருக்குத் தெரியாது. கூடப் போன உறவுக்காரப் பிள்ளை கெஞ்சிப் பார்த்தும் விடவில்லை. அம்மம்மா கொஞ்ச நேரம் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியைத் திறந்து, அந்த இடத்திலேயே, வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, முக்கால் போத்தலையும் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, வெறும் போத்தலை நீட்டினார். "இனி எடுங்கோ." டொரன்டோவுக்கு உப்புவெளித் தண்ணீர் அவர் வயிற்றில்தான் போனது.

நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது சாரல் முகத்தில் அடிக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றாராம். கடைசியாக மாமாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இவ்வளவும் நல்ல தண்ணியா?" ஓம் அம்மா, இது போய் ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது, எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த ஏரித் தண்ணீர்தான் என்று மாமா சொல்ல, அன்றிரவு குழாயைத் திறந்தவர் பல் விளக்கும்வரை ஓடவிடாமல் ஒரு கோப்பையில் பிடித்து வைத்துக்கொண்டார்.

இதற்கு முன்னே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் வீண். 2004 டிசம்பர் 26. உப்புவெளிக் கரையில் எங்கள் வளவுக்குள்ளும் கடல் ஏறியது. நாங்கள் தப்பியது பின்மதிலால். வீடு நின்றது, கிணறு கடலாகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு எட்டிப் பார்த்தால் கறுத்த சேறும் செத்த மீனும் யாருடையதோ ஒரு சிவப்புச் செருப்பும். உதவிக்கு வந்தவர்கள் பம்பு வைத்துக் கிணறு கிணறாக இறைத்துத் தந்தார்கள். நல்ல எண்ணம்தான். பக்கத்து வளவுகளில் ஒருமுறை இறைத்து, உப்பு நிற்கிறதே என்று திரும்ப இறைத்து, மூன்றாம் முறையும் இறைத்தார்கள். எங்கள் வீட்டில், சேற்றையும் அழுக்கையும் அள்ளுமட்டும் ஒருமுறை இறைக்க விட்ட அம்மம்மா, இரண்டாம் முறை பம்போடு வந்தவர்களைக் கிணற்றுக் கட்டில் ஏறி இருந்துகொண்டு மறித்துவிட்டார்.

"கீழ இருக்கிறவளை எழுப்பாதேங்கோ. மழை வரட்டும்."

எல்லாருக்கும் கோபம். எனக்கும்தான். வவுசர் கொண்டுவருகிற தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்தது நான்தான். 73 வயது மனுசி, கடல் வந்த பயத்தில் குழம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ கூரைத் தண்ணீர் எல்லாம் கிணற்றடி மணலில் ஊறுகிற மாதிரி வாய்க்கால் வெட்டுவித்தார். கிணற்றைச் சும்மா விட்டார். அடுத்த மாரி வந்தது. வாடைக்காற்றோடு வருகிற எங்கள் மழை, ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியக் கொட்டித் தீர்த்தது. 2006 தைப்பொங்கலுக்கு விடிய நாலு மணிக்கு அம்மம்மா என்னை எழுப்பிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். கயிற்றைக் கட்டையாகப் பிடித்து, வாளியைச் சரித்து, அரை வாளி எடுத்தார். கையில் ஏந்தி எனக்குத் தந்தார்.

நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் பொங்கினோம். பக்கத்துக் கிணறுகள் தெளிய இன்னும் நாள் எடுத்தது. அவர்கள் எங்கள் வீட்டுக்குக் குடத்தோடு வந்தார்கள். ஆளுக்கு ஒரு குடம், விடியவும் பின்னேரமும், அம்மம்மா கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "ஆழ விடாதே, ஆழ விடாதே."

பாடம் படித்தவள் நான். அந்தப் படத்தைச் சோதனையில் கீறிப் புள்ளி வாங்கியவளும் நான். என் வீட்டுக் கிணற்றில் அதை அடையாளம் காண எனக்கு முடியவில்லை.

கடைசி மூன்று நாலு வருஷம் ஞாபகம் மெல்ல மெல்லக் கழன்றது. என்னை அம்மா என்றும், அம்மாவைத் தன் தங்கை என்றும் கூப்பிடுவார். தண்ணீர் கொடுத்தால் மட்டும், வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்பார்: "இது எந்த ஊர்த் தண்ணி?" உப்புவெளி அம்மம்மா என்றால் நம்பிக் குடிப்பார். சில நாள் குழாய்த் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உப்புவெளி என்று சொன்னால், கோப்பையைத் திருப்பித் தந்துவிடுவார்.

அந்தியேட்டிக் கிரியைக்கு மூன்று தேசத்தில் இருந்தும் வந்திருந்தார்கள். கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய கிணறுகள் என்று எங்கள் ஊரில் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். சதுரச் சதுரமாகக் கட்டிய சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சின்ன வயதில் அம்மம்மா எங்களை அங்கே குளிக்கக் கூட்டிப்போனால், ஒவ்வொரு கிணற்றிலும் விரலை வைத்து, இது பிள்ளைக்கு வார்க்க, இது கால்நோவுக்கு என்று பிரித்துச் சொல்லுவார். ஏழிலும் அள்ளி ஊற்றிக்கொண்டு வரும்போது யாரும் பேசவில்லை. சின்ன மாமாவின் பேத்தி, டொரன்டோவில் பிறந்த ஆறு வயதுக்காரி, கிணற்றுக்குக் கிணறு ஓடி விரலை விட்டுப் பார்த்து, "அம்மா, இது சூடு! இது கொஞ்சம் சூடு!" என்று கத்திக்கொண்டு போனாள்.

மாமா புறப்படுகிற நாள் விடியற்காலை கிணற்றடியில் சத்தம் கேட்டு எழும்பினேன். அவர்தான். போத்தலொன்றைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கிணற்றுக் கயிறு தொடாத கை. ஆனால் கயிற்றை அரைவாசியில் பிடித்து, வாளி மேல்தண்ணீரில் சரியும்வரை காத்திருந்தார்.

போத்தலை நிறைத்துக் கைப்பைக்குள் வைக்கப் போனார்.

"மாமா, அதைப் பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ. கையில கொண்டுபோனா எடுத்துப்போடுவாங்கள்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அம்மம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, போத்தலை அதில் சுற்றத் தொடங்கினார்.